குழாய் எங்கே என்று மட்டும் கேட்டார்கள்

2013 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஒரு கருத்துக்கேட்பு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அடுத்து, தமிழக அரசின் தலைமைச் செயலாளரே வந்து உட்கார்ந்து ஏழு மாவட்ட விவசாயிகள் சொன்னதைக் கேட்டார். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுபோக கெயில் நிறுவனம் பதிக்கவிருந்த குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் விளைநிலங்களுக்குள் சுமார் 310 கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். வந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: குழாய் வரட்டும், எங்கள் தோட்டத்துக்குள் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள். அதே மாதம் 25-ஆம் தேதி முதல்வர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் அதையே அரசின் முடிவாக அறிவித்தார். ஏற்கெனவே பதித்த குழாய்களைத் தோண்டி எடுத்து நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்றும் கெயிலுக்குச் சொல்லப்பட்டது.

அந்த முடிவு எட்டு மாதம்தான் நின்றது. 2013 நவம்பர் 25 அன்று உயர் நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்தியச் சட்டத்தின்படி நடந்த பணியை மாநில அரசு ஓர் ஆணையால் நிறுத்த முடியாது என்பது அதன் சாரம். 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி விவகாரம் அங்கே முடிந்தது. தரையில் முடியவில்லை. 2022 ஏப்ரலில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில், இதே குழாய்க்கான பணியை எதிர்த்த விவசாயி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தக் கதையை விவசாயிக்கும் வளர்ச்சிக்கும் இடையிலான மோதலாகச் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால் ஒரு கேள்வி மறைந்துபோகும். குழாய் எந்த வழியில் போக வேண்டும் என்பதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். குழாய் தேவையா, எவ்வளவு வாயு வரும், யார் வாங்குவார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை யார், எப்போது, எந்த அறையில் தீர்மானித்தார்கள்?

அதற்கு விடை தேட 2007-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் கெயிலின் ஐந்து பெரிய குழாய்த் தடங்களுக்கு அனுமதி அளித்தது. கொச்சித் தடம் அவற்றில் ஒன்று. குழாய்த் தடங்களை ஒழுங்குபடுத்த வேண்டிய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அந்த ஆண்டு அக்டோபரில்தான் வேலையைத் தொடங்கியது. ஒழுங்குபடுத்துபவர் வந்து நாற்காலியில் அமரும் முன்பே தடங்கள் முடிவாகிவிட்டன. ரிலையன்ஸ் குழுமத்துக்கும் அந்த ஆண்டிலேயே காக்கிநாடா–சென்னை, சென்னை–தூத்துக்குடி, சென்னை–பெங்களூர்–மங்களூர் உள்ளிட்ட தடங்கள் கிடைத்தன. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலிருந்து ஏராளமாக வாயு வரும் என்று நம்பிய காலம் அது. வாயு அந்த அளவுக்கு வரவில்லை. குழாயும் பதிக்கப்படவில்லை. 2012-இல் அந்த அனுமதிகள் ரத்தாயின. தமிழ்நாட்டு வரைபடத்தில் ஐந்தாண்டுகள் இருந்த அந்தக் கோடுகள் கேட்பாரின்றி வந்து, கேட்பாரின்றிப் போயின.

கணிப்பு எவ்வளவு தவறலாம் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. கோவையில் கருத்துக்கேட்பு நடந்து இரண்டு மாதம் கழித்து, 2013 மே மாதம், நாட்டின் எரிவாயுக் கட்டமைப்புக்கான 2030 தொலைநோக்கு அறிக்கையை வாரியம் வெளியிட்டது. அதைத் தயாரித்தது ஒரு தொழில்துறைக் குழு. 2021-22-இல் நாட்டின் தேவை நாளொன்றுக்கு சுமார் 51.7 கோடி கன மீட்டராக இருக்கும், 2029-30-இல் 74.6 கோடியாகும் என்றது அது. 2021-22 வந்தது. அந்த ஆண்டு நாடு உண்மையில் பயன்படுத்தியது நாளொன்றுக்கு சுமார் 17.5 கோடி கன மீட்டர், சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. உலகச் சந்தையில் திரவ எரிவாயுவின் விலை, உள்நாட்டு உற்பத்தியின் சரிவு, மின் நிலையங்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாதது என்று காரணங்கள் பல. எந்தக் கணிப்பும் பிசகும், அதில் வெட்கமில்லை. ஆனால் கணித்தவர்கள் யாவரும் வாயுவை விற்பவர்களும், கடத்துபவர்களும், வாங்குபவர்களும்தான். தேவையைக் கூட்டிச் சொல்வதால் அவர்களில் எவருக்கும் நட்டமில்லை. மிகைக் கணிப்பின் சுமை யார் நிலத்தின் மேல் விழுமோ அவர் அந்த மேசையில் இல்லை.

அவருக்கென்று சட்டம் வைத்திருக்கும் வாசல் மிகச் சிறியது. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தின் உடைமையை எடுப்பதில்லை, பயன்பாட்டு உரிமையை மட்டுமே எடுக்கிறது. முதலில் மத்திய அரசிதழில் அறிவிக்கை வரும். அதிலிருந்து 21 நாள்களுக்குள் நில உரிமையாளர் தகுதிவாய்ந்த அலுவலரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர் விசாரித்து அறிக்கை அனுப்புவார். பிறகு பிரகடனம், அதோடு உரிமை கைமாறும். மத்திய அரசிதழை வாசிக்கும் பழக்கமுள்ள விவசாயியை நான் இன்னும் சந்திக்கவில்லை. சுற்றுச்சூழல் சட்டத்தின் வாசலும் இங்கே திறப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற இடங்களின் வழியே போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்குத்தான் அனுமதி கேட்கச் சொல்கிறது. விளைநிலத்தின் வழியே போனால் தாக்க மதிப்பீடும் இல்லை, அதன் பகுதியாக நடக்கும் பொது விசாரணையும் இல்லை. ஆகவே கோவையில் நடந்த கருத்துக்கேட்பு நடைமுறையின் ஓர் அங்கமல்ல, அதற்கு விதிவிலக்கு. நீதிமன்றத்தின் படியேறியதால் கிடைத்தது.

இழப்பீட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கெயில் பயன்பாட்டு உரிமைக்காகக் கேட்டது 20 மீட்டர் அகலப் பட்டை. ஓர் ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். அதன் குறுக்கே 20 மீட்டர் பட்டை போனால் சுமார் 32 சென்ட் அடங்கிவிடும். அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு, குட்டை வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. சட்டப்படியான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு, பயிருக்கும் மரத்துக்கும் தனி. அதாவது 32 சென்ட்டின் மேல் நிரந்தரக் கட்டுப்பாடு, அதற்கு ஈடாக மூன்று சென்ட்டின் விலை. கடலையும் சோளமும் போடுகிறவர் பயிரைத் தொடரலாம், உண்மைதான். தென்னந்தோப்புக்காரர் என்ன செய்வார்? ஆழ்துளைக் கிணற்றை நம்பி விவசாயம் நடக்கும் ஊரில், தண்ணீர் கிடைக்கும் புள்ளி அந்தப் பட்டைக்குள் இருந்தால் அது போனது போனதுதான்.

கொங்குப் பகுதிக்கென்று இன்னொரு தன்மை உண்டு. இங்கே எல்லோரும் ஊருக்குள் கூடி வாழ்வதில்லை. தோட்டத்துச் சாளைகளில், அவரவர் நிலத்தின் நடுவில், தள்ளித் தள்ளி வாழ்கிறார்கள். வரைபடத்தில் வெற்று வயலாகத் தெரியும் இடத்தில் ஆள் இருப்பார், மாட்டுத் தொழுவம் இருக்கும், மகனுக்குக் கல்யாணமானால் இன்னொரு வீடு எழும். பாதுகாப்புப் பொறியியலுக்கே இது தேவையான தகவல். குழாய்த் தடத்தைச் சுற்றியுள்ள குடியிருப்பின் அடர்த்தியைப் பார்த்து நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். முதல் வகுப்பில் 32 கிலோமீட்டருக்கு ஓர் அடைப்பு வால்வு போதும். நான்காம் வகுப்பில் 8 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும், குழாய்ச் சுவரும் கனமாக வேண்டும். ஆக, குழாய் பதிக்கும் நாளில் உள்ள வீடுகளை எண்ணினால் போதாது, இருபது, முப்பது ஆண்டுகளில் எங்கே வீடு எழும் என்பதையும் ஊகிக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களிடம் இதற்காக யாரும் போகவில்லை. பட்டாதாரர் பட்டியல் எடுக்கத்தான் போனார்கள்.

இதற்கெல்லாம் பிறகு 'எந்த வழி' என்று கேட்பது, நாள் குறித்து, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்த பின் மணப்பெண்ணிடம் புடவை நிறம் கேட்பது போன்றது. விவசாயிகள் 'நெடுஞ்சாலை ஓரம்' என்று ஒரே குரலில் சொன்னதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். கேட்கப்பட்ட கேள்விக்கு அது ஒன்றுதான் விடையாக இருக்க முடியும். அந்த விடையிலும் சிக்கல் உண்டு. சாலையோரத்தில் கடைகளும் வீடுகளும் நெருக்கமாக இருக்கின்றன, சாலையை அகலப்படுத்தும்போது குழாய் குறுக்கே நிற்கும் என்று கெயில் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. மறுபக்கம், பொது நிலம் ஏற்கெனவே ஒரு கோடாக ஓடும்போது தனியார் நிலத்தில் புதிய கோடு ஏன் என்ற கேள்வியும் நியாயமானது. எது மலிவு, எது பாதுகாப்பு, எத்தனை பேருக்கு இழப்பு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட ஏற்ற காலம் 2007-க்கு முன். 2013-இல் அது வழக்காகத்தான் மாற முடிந்தது.

தாமதமாகக் கேட்டதன் விலையை விவசாயி மட்டும் கொடுக்கவில்லை. கொச்சி புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ எரிவாயு முனையத்தைக் கட்டி 2013-இல் இயக்கத் தொடங்கியது. வாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லை. பல ஆண்டுகள் அது தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. கேரளத்திலும் எதிர்ப்பு இருந்தது. 2014-இல் கெயில் ஒப்பந்தங்களையே முடித்துக்கொண்டது. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பகுதியில் கைகலப்பு வரை போனது. பிறகு அந்த மாநில அரசு இழப்பீட்டைப் பல மடங்கு கூட்டியது. பத்து சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் வைத்திருப்போருக்குத் தனி உதவித்தொகை கொடுத்தது, பட்டையின் அகலத்தைக் குறைக்க வைத்தது. 2021 ஜனவரி 5 அன்று கொச்சி–மங்களூர் தடம் திறக்கப்பட்டது. 2017-இல் சாத்தியமான சலுகைகள் 2010-இல் ஏன் சாத்தியமாகவில்லை? கணக்குப் பார்த்தால், சும்மா கிடந்த முனையத்தின் இழப்பு அந்தச் சலுகைகளைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. கோரிப் என்ற கடலடி வயலில் 1996-இல் வாயு கண்டறியப்பட்டது. அதைக் கரைக்குக் கொண்டுவரும் குழாய், மேயோ மாவட்டத்தில் ராஸ்போர்ட் என்ற சிற்றூரின் வீடுகளுக்கு அருகே போகத் திட்டமிடப்பட்டது. சுத்திகரிக்கப்படாத வாயு, 345 பார் அழுத்தத்தைத் தாங்கும் வடிவமைப்பு. தங்கள் நிலத்துக்குள் விட மறுத்த ஐந்து பேர் நீதிமன்ற அவமதிப்புக்காக 2005-இல் 94 நாள் சிறையில் இருந்தார்கள். நாடே கொந்தளித்தது. அதன் பிறகுதான் அரசு ஒரு தனிப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. கரைப்பகுதியில் அழுத்தத்தை 144 பாருக்குள் கட்டுப்படுத்தச் சொன்னது அந்த ஆய்வு. பிறகு அது 100 பாராகவும் குறைந்தது. திட்டத் தீர்ப்பாயம், தடத்தில் பாதி வீடுகளுக்கு ஏற்க முடியாத அளவு நெருக்கமாக இருக்கிறது என்றது. கடைசியில் குழாய் ஒரு கழிமுகத்தின் அடியில் 4.9 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாகப் போனது. 2015 டிசம்பர் 30 அன்றுதான் வாயு பாய்ந்தது. ஊர்க்காரர்கள் 'ஆபத்து' என்று சொன்னபோது அறியாமை என்று கருதினார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியைப் பின்னால் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். நம் பக்கமும், 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கொங்கு விவசாயியின் அச்சத்தை அறியாமை என்று சொல்ல ஆளில்லாமல் போனது.

அப்படியானால் முன்கூட்டியே எல்லோரையும் கேட்கும் முறை எங்காவது இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, குறைகளோடு. அங்கே எரிவாயுக் கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்தாண்டு வலையமைப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். அதன் முதற்படியே குழாய் அல்ல, எதிர்காலக் காட்சிகள்தான்: தேவை கூடினால் எப்படி, குறைந்தால் எப்படி, வீடுகளெல்லாம் மின்சாரத்துக்கு மாறினால் எப்படி. இந்தக் காட்சிகளை வரைவு நிலையிலேயே வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். ஜெர்மனியில் இன்னும் கறார். காட்சிச் சட்டகத்துக்குத் தனியாக ஒரு கலந்தாய்வு, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல், அதற்குப் பிறகே குழாய்ப் பட்டியல்.

இதனால் கணிப்புகள் சரியாகிவிட்டனவா என்றால், இல்லை. ஐரோப்பிய ஆணையம் எரிவாயுத் தேவையைத் தொடர்ந்து மிகையாகவே கணித்து வந்தது என்று ஒன்றியத்தின் தணிக்கை மன்றம் 2015-இல் சாடியது. குழாய் கட்டிச் சம்பாதிக்கும் நிறுவனங்களிடமே தேவையைக் கணிக்கும் வேலையையும் கொடுத்ததில் உள்ள முரண் பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2018-ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்து மின்சாரக் கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து காட்சிகளை வரையத் தொடங்கினார்கள். 2022-இல் வந்த புதிய ஒழுங்குவிதி, காட்சிகளுக்கான வழிகாட்டு நெறிகளை ஒழுங்குமுறை முகமையின் கையில் கொடுத்தது, புதிய இயற்கை எரிவாயுக் குழாய்களை முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இடையில், பிரான்சையும் ஸ்பெயினையும் இணைக்கவிருந்த மிட்காட் தடத்தின் முதற்கட்டத்தை இரு நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்களும் 2019 ஜனவரியில் நிராகரித்தன. தேவையும் செலவும் பொருந்தவில்லை என்றன. குழாய் வேண்டாம் என்று ஓர் அரசு அமைப்பே, மண் தோண்டும் முன், காகிதத்தில் சொன்னது. வலையமைப்புத் திட்டமிடலில் பொதுக் கலந்தாய்வு சாதிக்கக்கூடியது இதுதான். வேறு எதை எதிர்பார்த்தாலும் ஏமாற்றமே.

பிரஸ்ஸல்ஸில் கருத்துச் சொல்ல வருபவர்கள் யார் என்பது வேறு விஷயம். அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கம். அதைப் படித்துப் பதில் எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களும், சில பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளும்தான் தவறாமல் வருகின்றன. வாசல் திறந்திருப்பதாலேயே எல்லோரும் நுழைந்துவிடுவதில்லை. நம் வாரியமும் கட்டண நிர்ணயத்துக்கும் புதிய தடங்களுக்கும் கருத்துக் கேட்கிறது. ஆவணங்கள் இணையதளத்தில், ஆங்கிலத்தில், கணக்கியல் நடையில் இருக்கின்றன. பதில் தருவோர் உர ஆலைகள், நகர எரிவாயு நிறுவனங்கள், குழாய் நிறுவனங்கள். 2023 ஏப்ரல் முதல் தேசியக் குழாய் வலையமைப்புக்கு ஒருங்கிணைந்த கட்டணம் வந்துவிட்டது. எங்கோ ஒரு குழாயின் செலவு நாடெங்கும் உள்ள பயனர்களுக்குப் பகிரப்படுகிறது. அடுப்படியில் குழாய் எரிவாயு வாங்கும் கோவைக் குடும்பமும் இந்தத் திட்டமிடலில் ஒரு தரப்புதான். அந்தக் குடும்பத்துக்கு அது தெரியாது.

இங்கே என்ன மாற்றலாம் என்று கேட்டால், நான் இழப்பீட்டிலிருந்து தொடங்க மாட்டேன். 10 விழுக்காடு என்பது கூச்சப்பட வேண்டிய தொகை, அதைத் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் தொகை எவ்வளவு கூடினாலும் கேள்வி அதே இடத்தில்தான் நிற்கும். ஒரு தடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், அது எந்தத் தேவைக் கணிப்பின் மேல் நிற்கிறது, கணிப்புப் பாதியாகக் குறைந்தால் தடத்தின் கதி என்ன என்பதை, அது கடந்துபோகும் மாவட்டங்களில் அந்த ஊர் மொழியில் வெளியிட வேண்டும். 'வேண்டாம்' என்பதும் ஒரு விடையாக இருக்கக்கூடிய கூட்டம் அரசிதழ் அறிவிக்கைக்கு ஓர் ஆண்டு முன்பாவது நடக்க வேண்டும். அதைக் குழாய் பதிக்கும் நிறுவனம் நடத்தக்கூடாது. அந்தக் கூட்டத்தில் ஒரு குழாயைப் பற்றி மட்டும் பேசுவதும் போதாது. கொங்குப் பகுதியில் கெயிலை எதிர்த்த விவசாயிகள்தான் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் மின்பாதையின் கோபுரங்களையும், இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குப் போகும் பாரத் பெட்ரோலியத்தின் எண்ணெய்க் குழாயையும் எதிர்த்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கோப்பிலும் பாதிப்பு சொற்பம். எல்லாக் கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் அலுவலகம் எதுவும் இல்லை. பொதுவான கட்டமைப்புப் பாதை ஒன்றை முன்கூட்டியே குறித்திருந்தால், சாலையோரமா தோட்டமா என்ற சண்டையில் பாதி எழுந்திருக்காது.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும், திட்டம் தாமதமாகும் என்பார்கள். 2007-இல் அனுமதி பெற்ற குழாய் மங்களூரைத் தொட 2021 ஆனது, பெங்களூர்ப் பக்கம் அதற்குப் பிறகும் இழுத்தது. யாரையும் கேட்காமல் போனதில் மிச்சமான காலம் எவ்வளவு என்பதை அவர்களே சொல்லட்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளும் மாறிவருகின்றன. ஜெர்மனி 2024 அக்டோபரில் 9,040 கிலோமீட்டர் ஹைட்ரஜன் மைய வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு இன்றைய இயற்கை எரிவாயுக் குழாய்கள்தான். அதே நாட்டில் மன்ஹைம் நகரின் எரிவாயு நிறுவனம், 2035-க்குள் தன் எரிவாயு வலையமைப்பை மூடத் திட்டமிட்டிருப்பதாக அறிவித்திருக்கிறது. இந்தியா 2070-க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்று உறுதி சொல்லியிருக்கிறது. இன்று சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ பதிக்கும் குழாயின் பொருளாதார ஆயுள் 2050-களுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அதில் வேறு வாயு ஓடுமா, அதற்கு அந்த எஃகு தாங்குமா, புதிய வாயுவுக்குப் பழைய பயன்பாட்டு உரிமை போதுமா, ஒன்றுமே ஓடாவிட்டால் குழாயைத் தோண்டி எடுக்கும் செலவு யாருடையது, அந்தப் பட்டையில் தென்னை வைக்கும் உரிமை எந்தத் தேதியில் திரும்பும் என்பவை அறிவிக்கைக்கு முந்தைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெற வேண்டியவை.